கொல்லை ஓரத்து மண்டையோடுகள்

நான் செய்த ஒரு பொருளுக்கு யாரோ மாலை போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால், 'போங்க, வேற வேலை இல்லையா' என்றுதான் சொல்லியிருப்பேன். மாசி அமாவாசையன்று அதை நேரிலேயே பார்த்துவிட்டேன். பெண்ணாடத்துக்கு அந்தப் பக்கம், என் தங்கை மகேஸ்வரியின் மல்லாட்டைக் கொல்லையில். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. கொல்லை என்றால் புன்செய் நிலம்.

ஒரு சவுக்குக் குச்சி. அதன் உச்சியில் என் கையால் செய்த மண்டையோடு. அதன் கழுத்தில் — மண்டையோட்டுக்குக் கழுத்து ஏது, குச்சியின் கழுத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள் — ஒரு கதம்ப மாலை. நெற்றி முழுக்க மஞ்சள், நடுவில் குங்குமம். கீழே வெட்டிய எலுமிச்சம்பழம், வேப்பிலை, எரிந்து முடிந்த கற்பூரத்தின் கரி.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் என்ன வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பயமா? இல்லை. பெருமை! என் கைவேலைப் பைத்தியம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? பழைய டப்பா, தேங்காய் ஓடு, தேய்ந்த சீப்பு என்று எது கிடைத்தாலும் எதையாவது செய்து வைப்பேன். ஒன்றையாவது யாராவது திரும்பிப் பார்த்திருக்கிறார்களா? என் வீட்டுக்காரர் அவற்றைப் பரணில் ஏற்றும்போது மட்டும்தான் தொடுவார். இங்கே மாலையே போட்டிருக்கிறார்கள்!

அந்தப் பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லுமுன், வேர்க்கடலை விளைகிற இடத்தில் மண்டையோட்டுக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரி விருத்தாசலத்துக்கு வந்தாள். எப்போதும் வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் என்ன குழம்பு என்று மூடியைத் திறந்து பார்ப்பவள், அன்று கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காபி ஆறிப்போனது. என்னடி என்றேன்.

"அவரு இந்த வருஷமும் கம்பி கட்டிட்டாருக்கா" என்றாள்.

அவர் என்றால் அவள் கணவர் செல்வராசு. நல்ல மனுஷன்தான். சத்தம் போட்டுப் பேச மாட்டார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாக்கு நிறைய எதையாவது கொண்டுவந்து இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பப் பார்ப்பார். ஆனால் காட்டுப்பன்றி விஷயத்தில் மட்டும் அவரிடம் யாரும் பேச முடியாது. மல்லாட்டை காய் பிடிக்கிற நேரத்தில் பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலிருந்து பன்றிகள் கூட்டமாக வருகின்றன. ஒரு ராத்திரி வந்தால் போதும், ஏர் ஓட்டியது மாதிரி புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். வேட்டு வைத்துப் பார்த்தார். தகரத்தைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், அந்தப் பக்கத்தில் சிலர் செய்கிற மாதிரி, கொல்லையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி. பொழுது சாய்ந்ததும் மோட்டார் கொட்டகையிலிருந்து அதற்குக் கரண்டு. விடிந்ததும் நிறுத்திவிடுவார்.

சட்டப்படி தப்பு. அது அவருக்கும் தெரியும், மகேஸ்வரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கம்பியைக் குச்சியில் தாங்கி நிற்கிற வெள்ளைப் பீங்கான் உருளை இருக்கிறதே... அது எங்கள் ஊரிலிருந்து போனதுதான்.

பன்றிக்குப் போட்ட கம்பி பன்றியை மட்டுமா பிடிக்கும்? கொல்லையை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. பஸ் ஏறப் போகிறவர்கள், வேலை முடிந்து திரும்புகிற பெண்கள், ட்யூஷன் முடித்து வருகிற பிள்ளைகள், எல்லாருக்கும் அதுதான் குறுக்கு வழி. போன வருஷம் வேறொரு ஊரில் இப்படி ஒரு கம்பியில் ஆடு தேடிப் போனவர் விழுந்துவிட்டார். கம்பி கட்டியவர் ஜெயிலுக்குப் போனார். துக்கம் விசாரிக்கப் போன மகேஸ்வரி, செத்தவரின் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தவள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. பொழுது சாய்ந்து பாதையில் பேச்சுக் குரல் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுகிறாளாம்.

"எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொல்லாமலா இருக்கேன்? நீ வந்து பன்னியோட பேசுறியாங்கறாரு."

"போர்டாவது மாட்டலாமில்ல? மின்சாரம், ஜாக்கிரதைன்னு?"

"அட்டையில நானே எழுதி மாட்டினேன்க்கா. மறுநாளே பிச்சி வூட்டுக்குள்ள கொண்டாந்து போட்டுட்டாரு. 'நீயே எழுதி ஒட்டுறியா, எம்புருசன் திருட்டுத்தனமா கரண்டு வுடுறான்னு? நாளைக்கு எவனாச்சும் போட்டோ புடிச்சா நான்தான் உள்ள போவணும்'ங்கறாரு."

அதுவும் உண்மைதான். எழுதினால் சாட்சி. எழுதாவிட்டால் யாராவது போய்ச் சேருவார்கள். இரண்டுக்கும் நடுவில் என் தங்கை ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"எழுத்தே இல்லாம, மண்டையோடு மட்டும் வச்சா? ட்ரான்ஸ்பார்மர்ல போட்டிருப்பாங்களே, அதும் மாதிரி. பாக்குறவங்க பயந்து தள்ளிப் போவாங்க. யாராச்சும் கேட்டா திருஷ்டிக்கு வச்சதுன்னு சொல்லிக்கலாம். அதுக்கு அவரும் சரின்னுட்டாரு. நீதான் என்னென்னமோ செய்வியே... செஞ்சு குடுக்கா."

எங்கள் சாமர்த்தியத்தைப் பார்த்தீர்களா? ஆபத்தைச் சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், சொல்லாத மாதிரியும் இருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள் என் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

பேப்பர் கூழில் செய்தால் பனியிலேயே கரைந்துவிடும். பெயின்ட் அடித்த பானை வெயிலில் உரியும். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு நான் ஏன் வேறு யோசிக்க வேண்டும்? எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் பொம்மைக் கம்பெனிகள். அதில் ஒன்றின் உரிமையாளர் பழக்கமானவர். அவரிடம் போய்ப் பொம்மைக்கு வைத்திருக்கிற வெள்ளை மண்ணில் ஒரு பெரிய உருண்டை கேட்டேன். சூளையில் அகல் விளக்கு அடுக்கும்போது நடுவில் ஆறு உருப்படிக்கு இடமும் கேட்டேன்.

"என்ன உருப்படிங்க?" என்றார்.

"மண்டையோடு."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "ஓ... மாசியில மயானக் கொள்ளை வருது இல்ல? அங்காளம்மனுக்கு வேண்டுதலுங்களா? தாராளமா எடுத்துக்கினு போங்க" என்றார். மாசி அமாவாசையை ஒட்டி, கையில் மண்டையோடு ஏந்திய அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிற திருவிழா அது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மண்ணை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மண்டையோடு செய்ய என்னென்ன வேண்டும்? சிரிக்காதீர்கள். மட்டை உரித்த ஒரு தேங்காய். சப்பாத்திக் கட்டை. இருமல் மருந்து பாட்டிலின் மூடி. ஹேர்பின் ஒன்று. பல் உடைந்த சீப்பு. ஒரு டீ ஸ்பூன். அவ்வளவுதான். மண்ணை ஈரத் துணியில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் தேய்க்க வேண்டும், அடை கனத்துக்கு. தேங்காய்க்கு மேல் நனைத்த நியூஸ்பேப்பரைச் சுற்றி, அதன் மேல் இந்த மண் அடையைப் போர்த்தி, கையால் தட்டித் தட்டி உட்கார வைக்க வேண்டும். முகத்துப் பக்கம் மட்டும் போதும், பின்மண்டை தேவையில்லை. கொஞ்சம் இறுகியதும் மருந்து மூடியால் அழுத்தினால் கண் குழி. ஹேர்பினால் மூக்கு ஓட்டை. இரண்டு கட்டைவிரலாலும் கன்னத்தை உள்ளே அமுக்க வேண்டும். கடைசியில் சீப்பை வைத்து அழுத்தினால் வரிசையாகப் பல்.

முதல் மண்டையோடு பல்செட் விளம்பரம் மாதிரி இளித்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பல் டாக்டர் யாராவது ஆர்டர் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நடுவில் ஒரு நாள் வந்து பார்த்த மகேஸ்வரிக்கும் திருப்தி இல்லை.

"சிரிக்குதேக்கா. யாரு பயப்படுவாங்க?"

சிரிப்பை எடுக்க நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். பல் வரிசையை நேராக்கினேன், தாடையை இறக்கினேன். போகவே இல்லை. உதடு இல்லாத முகம் எப்படி இருந்தாலும் சிரிக்கத்தான் செய்யும் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் தாடையை நானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இந்தத் தோலுக்கு அடியில் எனக்கும் இதே சிரிப்புதானே? கோபப்படும்போதும் அழும்போதும்கூட அது உள்ளே இளித்துக்கொண்டேதான் இருக்கும் போலிருக்கிறது. மண்ணைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கொல்லையின் நாலு மூலைக்கு நாலு, பாதை ஓரத்துக்கு இரண்டு. நிழலில் காயவைத்து, விரிசல் விட்ட ஒன்றை உடைத்துத் திரும்பச் செய்து, ஒரு வழியாகச் சூளைக்கு அனுப்பினோம். மண்ணாக இருந்தபோது அவை ஓரளவு பெரிய தலைகள். மண் காய்ந்தால் சுருங்கும், வெந்தால் இன்னும் சுருங்கும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கும் தெரியும். ஆனாலும் இவ்வளவு சுருங்கும் என்பது, வாங்கிப்போக வந்த மகேஸ்வரியும் நானும் சூளையிலிருந்து வந்த சாக்கைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

பளீரென்று வெள்ளையாக வந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் அளவில் சிறுத்துக் குறுகி... மகேஸ்வரி ஒன்றைக் கையில் எடுத்தவள், அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னப் புள்ளைங்க தலை மாதிரி இருக்குதுக்கா" என்றாள்.

பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றிப் பையில் வைத்தேன். அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் அந்தப் பையைத் தரையில் வைக்கவே இல்லை, இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

இங்கே ஒரு தப்பு நடந்தது. தப்பு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நம் வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால் நாம் என்ன செய்வோம்? பிரிட்ஜ் வந்தால் பொட்டு. மிக்ஸி வந்தால் பொட்டு. கேஸ் அடுப்பு, பீரோ, பைக், போர்வெல் மோட்டார்... எதையாவது விட்டிருக்கிறோமா? பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனாவுக்குக்கூட வைக்கிறோம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. குச்சியில் மாட்டுவதற்கு முன்னால் மகேஸ்வரியின் கை தானாகக் குங்குமச் சிமிழுக்குப் போயிருக்கிறது. ஆறு மண்டையோட்டுக்கும் மஞ்சள் தடவி, நடுவில் பொட்டு வைத்து, அதன் பிறகுதான் மாட்டினாளாம். போனில் அவள் சொன்னபோது நான் சிரித்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பொட்டு வைக்காதவரைக்கும் அது அபாயம். பொட்டு வைத்துவிட்டால்? மாசி மாதத்தில், அங்காளம்மனுக்கு ஊரே கூடுகிற பக்கத்தில், நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாக ஒரு மண்டையோடு நின்றால், அது யார் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா?

இப்படித்தான் நாங்கள் புரிந்துகொண்டோம். அமாவாசையன்று சாயங்காலம் அந்த மாலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் முன்னால் நின்றபோது, மகேஸ்வரியும் நானும் அப்படித்தான் நினைத்தோம். பாவம், ஜனங்கள் தெரியாமல் சாமி என்று நினைத்துவிட்டார்கள்!

பெருமை எப்போது போனது என்றால், குச்சியின் அடியில் இருந்த அகல் விளக்கைப் பார்த்தபோது. எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் காயவில்லை. அதற்கு ஒரு சாண் தள்ளிக் கம்பி ஓடுகிறது. விளக்கை யாராவது பட்டப்பகலில் வைப்பார்களா? பொழுது சாய்ந்துதான் வைப்பார்கள். கம்பிக்கு எப்போது கரண்டு வருகிறது? அதுவும் பொழுது சாய்ந்துதான்.

மகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தள்ளிப் போகச் சொல்வதற்காக வைத்த மண்டையோட்டை நம்பி, ஜனங்கள் கம்பிக்குப் பக்கத்திலேயே வந்து குனிந்து விளக்கேற்றுகிறார்கள். என் கையால் நான் செய்தது.

அப்போதுதான் பாதையில் அஞ்சலை வந்தார். மகேஸ்வரியின் நிலத்தில் களை வெட்டவும் மல்லாட்டை பிடுங்கவும் வருகிறவர், ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் சொம்பு, அதில் மஞ்சள் தண்ணீர். இன்னொரு கையில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும். எங்களைப் பார்த்ததும் நின்று, சொம்பை முந்தானைக்குள் மறைத்தார்.

மஞ்சள் தண்ணீர்! அந்தக் குச்சியில், அந்தக் கம்பிக்கு மேலே, ஊற்றுவதற்கு.

"அஞ்சலக்கா, இது சாமி இல்லக்கா" என்றாள் மகேஸ்வரி. "நாங்க சும்மா வச்சது."

"நான்தாங்க செஞ்சேன்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். "தேங்காய் மேல மண்ணை வச்சு, சீப்பால பல்லு வச்சு... வெறும் பொம்மைங்க."

அஞ்சலை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மகேஸ்வரிக்கு வேறு வழியில்லை. புருஷனுக்குக் கேடு வந்துவிடும் என்று இத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை, எழுதிக்கூட வைக்க முடியாததை, அந்த இடத்தில் அவள் சொன்னாள்.

"கம்பியில கரண்டு இருக்குதுக்கா. ராவானா வுடுறாங்க. இதுகிட்ட வராதீங்க, உங்க காலுல வேணா வுழறேன்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அஞ்சலைக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒன்றுமே இல்லை.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். பாதையில போற வர்ற எல்லாருக்கும் தெரியும். நாங்க வெளிச்சம் இருக்கறப்பவே வந்து விளக்கேத்திட்டு ஓடிடுவோம்."

"அப்புறம் ஏங்க இதைக் கும்பிடுறீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"வேற யாருகிட்ட கேக்குறது?" என்றார் அஞ்சலை. கோபமே இல்லாமல், நிதானமாகச் சொன்னார். "எம்பேத்தி ட்யூசன் வுட்டு இப்படித்தான் வருது. எம்மவ வேலைக்குப் போயிட்டு இப்படித்தான் வரணும். சுத்திக்கினு போனா பஸ்ஸு போயிடும். கம்பிய எடுங்கன்னு உங்ககிட்ட சொன்னா, நாளைக்குக் களை வெட்டக் கூப்புடுவீங்களா? போலீசுக்குச் சொன்னா இந்த ஊருல நான் இருக்க முடியுமா? இது வந்து நின்னுச்சு. உசிரு எடுக்கறது இதுதானேன்னு, இதுகிட்டயே வேண்டிக்கினோம். எங்க புள்ளைங்கள வுட்டுடுன்னு."

அவர்கள் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நாங்கள் மண்டையோடு வைத்து என்ன சொன்னோமோ, அதை எழுத்துக்கு எழுத்து சரியாகப் படித்திருக்கிறார்கள். பொட்டைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள் என்று பரிதாபப்பட்டோமே, அந்த அசட்டுத்தனம்தான் எங்களுடையது. ஒரு வேலியின் சொந்தக்காரரிடம் கேட்க முடியாததை, வெந்த மண்ணிடம் கேட்டிருக்கிறார்கள். அதுதான் அவர்களுக்குப் பேசுவதற்குச் சுலபமான ஆளாக இருந்திருக்கிறது!

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. செல்வராசு. மோட்டார் கொட்டகைக்குப் போகிற வழியில் எங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார், எதைக் கேட்டார் என்று தெரியாது. முகம் கறுத்திருந்தது. அவமானமா கோபமா என்று சொல்ல முடியவில்லை. நேராகக் குச்சியிடம் போனார். குனிந்தார். வெறும் கையால் கம்பியைப் பிடித்தார்.

"ஐயோ! தொடாதீங்க!"

அஞ்சலை போட்ட சத்தத்தில் கரும்பிலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன. சொம்பு கீழே விழுந்து மஞ்சள் தண்ணீர் பாதையெல்லாம் ஓடியது. அஞ்சலை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். செல்வராசு முன்னால் அதுவரை அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதே இல்லை என்று மகேஸ்வரி பிறகு சொன்னாள்.

செல்வராசு கம்பியை விடவில்லை. திகைத்துப்போய் அஞ்சலையையே பார்த்தார்.

"இப்ப கரண்டு இல்ல அஞ்சல. நான் இன்னும் போடல" என்றார், மெதுவாக.

அஞ்சலை கண்ணைத் திறந்தார். கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டவில்லை, சாபம் விடவில்லை. விழுந்த சொம்பை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம். அந்தக் கேள்வியை நான் அந்த இடத்தில் நின்றபடியே எனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். போடுகிறவருக்குத் தெரியும், எப்போது போட்டார், எப்போது நிறுத்தினார் என்று. அதனால் அவருக்கு அது ஒரு கம்பி. பாதையில் நடக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் காலையும் மாலையும், வெயிலிலும் மழையிலும், எந்நேரமும் அது சாவு. இந்த வித்தியாசம் எனக்கு அதுவரை உறைக்கவே இல்லையே! கம்பி தப்பு என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் நடந்து பார்த்துச் சொல்லவில்லை.

அன்று செல்வராசு மோட்டார் கொட்டகைக்குப் போகவில்லை. வெளிச்சம் இருக்கிறவரைக்கும் கம்பியைச் சுருட்டினார். மகேஸ்வரி ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாள். நான் பீங்கான் உருளைகளைக் கழற்றிச் சாக்கில் போட்டேன். முடிந்ததும் அவர் வாய்க்காலில் கை கால் கழுவிவிட்டு வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, வாங்க, கொண்டாந்து வுடுறேன்" என்றார். பைக்கில் போகும்போது ஒரே ஒரு தடவை மட்டும், "அஞ்சல பயந்த பயத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் தம்பி என்றேன்.

கம்பியை எடுத்ததும் பன்றிகள் மனம் மாறிவிட்டன என்றா நினைக்கிறீர்கள்? மறுவாரமே வந்து ஒரு மூலையைப் புரட்டிவிட்டுப் போயின. இப்போது கொல்லையைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டியிருக்கிறார்கள். பன்றி அதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குகிறதாம். என் புடவையும் சிலது அங்கே நிற்கிறது. செல்வராசு பாதி ராத்திரியைக் கொல்லையிலேயே கழிக்கிறார். விளைச்சல் குறையத்தான் போகிறது. அதற்காக வருத்தமும் இருக்கிறது, மறைப்பானேன்? ஆனால் மகேஸ்வரி போனில் பேசும்போது குரல் வேறு மாதிரி இருக்கிறது. தூங்குகிறவளின் குரல்.

அவள் நேற்று சொன்னது இது. அஞ்சலை வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறார். கையில் சொம்பு இல்லை, பழம் இல்லை. நேராகச் செல்வராசுவிடம், "அந்தாண்ட கொல்லையிலயும் கம்பி இருக்குதுங்க. எம்பேத்தி அதையும் தாண்டித்தான் வரணும். நாங்க சொன்னா அவரு கேக்க மாட்டாரு. நீங்க போய்ச் சொல்லுங்க" என்றிருக்கிறார்.

அஞ்சலை போன பிறகு செல்வராசு ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்தக் கொல்லைக்காரர் கொஞ்சம் பெரிய ஆள். கோபக்காரர். டிராக்டருக்கு அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

"அவருகிட்ட போயி எப்படிச் சொல்றது? எப்படி எடுத்துக்குவாரோ..." என்று இழுத்திருக்கிறார்.

மகேஸ்வரி முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாளாம், "அப்ப எலுமிச்சம்பழம் வாங்கியாரட்டுமா?"

செல்வராசு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.